சுழல்தண்டுக்குக் கூண்டு போட்ட நாவலாசிரியை

தலைமை தாங்கும் பாதிரியார் லண்ட் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஆலை முதலாளிகளே! அம்மையாரின் நூல்களை அச்சேற்றியவரும், அதற்காகவே லண்டனிலிருந்து ரயிலேறி வந்திருப்பவருமான பதிப்பாளர் அவர்களே! கறுப்பு உடுத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்பெக் நகரத்துப் பெரியோர்களே! உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் நெசவாளச் சகோதரிகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கெசையா ஹோல்ட். கிரௌதர் ஆலையில் இருபத்தாறு வருடமாக நான்கு தறி ஓட்டுகிறேன். பெண் நெசவாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தலைவர் நல்லவர், அதனால்தான் நம்பிவிட்டார்.

திருமதி ஆக்டேவியா ஓர்மராட் அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார்! எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். ஏழைகளின் விளக்கு என்றார் ஒருவர். வாடாத மலர் என்றார் இன்னொருவர். சாந்தமே உருவானவர் என்றார் நம் பாதிரியார். சாந்தமா? ஓர்மராட் அம்மையாரா? ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு யாருடைய கூட்டத்துக்கோ எழுதிய தாளை மாற்றி எடுத்து வந்துவிட்டீர்களா? இந்த ஊர் நகரசபையில் அவர் குடையால் தட்டியதில் ஒரு மேசை பழுதானது. அந்தச் சாந்த சொரூபியை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பின்னால் நிற்கும் பெட்சி, உன் உதட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். “ஆரம்பிச்சுட்டாடி இவ” என்றாய். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். லண்டன் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: எங்கள் தறிக்கூடத்தில் ஐந்நூறு தறி ஒரே நேரத்தில் ஓடும். காதால் ஒன்றும் கேட்காது. நாங்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இந்தக் கூட்டம் தொடங்கியதிலிருந்து பின்சுவரோரம் ஒரு முழுக் கூட்டம் சத்தமில்லாமல் தனியாக நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் மீசையைப் பற்றியும் அங்கே இரண்டு கருத்து வந்துவிட்டது.

இந்த உதட்டுப் பேச்சு தெரியாததால்தான் அம்மையாருக்கும் எனக்கும் பழக்கமே ஏற்பட்டது. எப்படி?

பதினெட்டு வருடம் முன்பு அவருடைய முதல் நாவல் வந்தது. டாக்டர் ஓர்மராட்டின் விதவை, சிவப்புச் செங்கல் வீட்டுக்கார அம்மாள், ஆலைப் பெண்களைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறாராம்! நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாசகசாலையிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் உருளைக்கிழங்குப் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் வாசித்தேன். கதாநாயகியின் பெயர் ரோசமண்ட். எங்கள் தெருவில் ஒரு பசுவுக்குக்கூட அந்தப் பெயர் கிடையாது. போகட்டும். மூன்றாம் பாகத்தின் முடிவில் அந்த ரோசமண்ட் தறி ஓட்டிக்கொண்டே கர்த்தரைப் பாடுகிறாள், மெல்லிய குரலில் எல்லோரையும் மன்னிக்கிறாள், தறி மேலேயே சாய்ந்து உயிரை விடுகிறாள். தறிக்கூடமே அவளுடைய கடைசி வார்த்தையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கிறது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பெட்சிக்குப் பணியாரம் மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. மறுநாள் வேலை விட்டு, பஞ்சுத் தூசியோடு நேராகச் செங்கல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவரே வந்து திறந்தார்.

“அம்மா, நீங்கதான் இந்தக் கதை எழுதினவங்களா?”

“ஆமா. படிச்சியா? நல்லா இருந்துதா?”

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.”

“எந்த இடத்துல?”

“அந்தப் பொண்ணு செத்துப்போற இடத்துல.”

அம்மையாரின் முகம் எப்படி ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்! ஆனால் கதவைச் சாத்தவில்லை.

“அது அழ வேண்டிய இடமாச்சே!”

“அழலாம்மா. ஆனா தறி ஓடறப்போ பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. இவ மெல்லிசாப் பாடினாளாம், எல்லாரும் கேட்டாங்களாம்! எந்த ஆலையில?”

“சரி, நிஜமா அப்படி ஒருத்தி சாஞ்சா என்ன நடக்கும்?”

“மேஸ்திரி ஓடி வந்து முதல்ல தறியை நிறுத்துவாரு.”

“அவளைத் தூக்கறதுக்கா?”

“இல்லம்மா. துணி கெட்டுப் போகாம இருக்கறதுக்கு.”

அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பட்டு உறை போட்ட நாற்காலியில், பஞ்சுத் தூசியோடு, என்னை உட்கார வைத்தார். பேனாவை எடுத்தார். “முதல் பக்கத்துலேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே” என்றார். முதல் அத்தியாயத்தில் மட்டும் முப்பத்தொரு தப்பு. சமையற்கார அம்மாள் இரண்டு முறை டீ கொண்டுவந்தார். இரண்டாவது முறை என் நாற்காலிக்கு அடியில் ஒரு பழைய துணியும் விரித்துவிட்டுப் போனார்.

எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தப்பு என்று சொன்னவளை நாற்காலியில் உட்கார வைத்தவர் எத்தனை பேர்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். ஆனால் கேட்டு எழுதுவதில் அவருக்குத் திருப்தி இல்லை. “நேர்ல பாக்கணும், கெசையா” என்று ஆரம்பித்தார். மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு நாள் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். சொன்னேன், நூறு முறை சொன்னேன்: “தொங்கற மாதிரி எதுவும் உடுத்தாதீங்கம்மா.” வந்தாரே ஒரு கோலத்தில்! தலையில் ஊதா நிறத் தொப்பி, அதன் மேல் செர்ரிப் பழங்கள், தாடைக்குக் கீழே முடிச்சு, முடிச்சிலிருந்து இரண்டு முழம் ரிப்பன்.

கூரைக்குக் கீழே கூடத்தின் முழு நீளத்துக்கும் ஓடுகிற இரும்புச் சுழல்தண்டு உங்களில் பலருக்குத் தெரியும். அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். அன்று அவற்றுக்கு மறைப்பு எதுவும் கிடையாது. அம்மையார் என் மூன்றாவது தறியைக் குனிந்து பார்த்தார். பெல்ட் ரிப்பனைக் கவ்வியது. அவர் கால் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். என் இடுப்பில் நூல் வெட்டும் கத்தரிக்கோல் தொங்கியது; தாடைக்குக் கீழே விட்டு ஒரே வெட்டு. அம்மையார் என் மேல் விழுந்தார். நான் ஊடை நூல் கூடை மேல் விழுந்தேன். தொப்பி மட்டும் மேலே போய்ச் சுழல்தண்டில் மாட்டிக்கொண்டு சுற்றியது. சுற்றியது என்றால், சாயங்காலம் எந்திரம் நிற்கும் வரை சுற்றியது! நான்கு மணி வரை எங்கள் தலையில் செர்ரிப் பழம் கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சிரித்தோம். பயம் தெளிந்ததும் அவரும் சிரித்தார். பிறகு சத்தத்துக்கு மேலே கத்தி என்னிடம் கேட்டார்: “இதுக்கு முன்னாடி யாரையாவது இது இழுத்திருக்கா?”

நான் அவருக்கும் புரியும்படி உதட்டை மெல்ல அசைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்: “ஆலிஸ் பிக்கப். எனக்கு உதவிக்கு நின்ன பொண்ணு. இதே தறி. மூணு மாசம் முன்னாடி.”

ஆலிஸ் இங்கே முன்வரிசையில் இருக்கிறாள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மையார் அன்று சிரிப்பை நிறுத்தினார்.

வெளியாளைக் கூட்டி வந்ததற்காக மேஸ்திரி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் காலை அம்மையார் ஆலை அலுவலகத்தில் நின்றார். அங்கே முதலாளி பர்னபஸ் கிரௌதர். அதோ, மேடையில் மூன்றாவது நாற்காலி. ஐயா, எழுந்திருக்காதீர்கள், உங்களைப் பற்றி இனிமேல்தான் வருகிறது.

“தப்புப் பண்ணினது நான். என்னை வேலையை விட்டு நீக்குங்க” என்றார் அம்மையார்.

“நீங்க இங்க வேலையே பாக்கலையேம்மா!”

“அப்போ முதல்ல சேத்துக்குங்க. அப்புறம் நீக்குங்க. நான் காத்திருக்கேன்.”

உட்கார்ந்துவிட்டார். பின்னல் ஊசியையும் கம்பளி நூலையும் வெளியே எடுத்தார். பதினோரு மணிக்கு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். போகிற போக்கில் அம்மையார் கேட்டார், “அந்தச் சுழல்தண்டுக்கும் பெல்ட்டுக்கும் ஒரு கூண்டு போடக் கூடாதா?” கிரௌதர் ஐயா சொன்ன பதில் ஊருக்கே தெரியும்: “அது ஏழடி உயரத்துல இருக்கு. என் ஆலையில ஏழடிப் பொம்பளை யாரும் கிடையாது. கூண்டு கிளிக்குத்தான்.”

அம்மையார் வீட்டுக்குப் போனார். இரண்டாவது நாவலை எழுதினார்.

அந்த நாவலில் கிரப் என்று ஒரு முதலாளி வருகிறார். கூண்டு போட மாட்டேன் என்கிறார். மாதாகோவிலில் குறட்டை விடுகிறார். தலையில் பொய்முடி. சாப்பாட்டு மேசையில் தம் நாயைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துணி கட்டி, முள்கரண்டியால் ஊட்டுகிறார். புத்தகம் வெளிவந்த வாரம் நான் செங்கல் வீட்டில்தான் இருந்தேன். முதலில் கிரௌதர் ஐயா வந்தார், முகம் பீட்ரூட் மாதிரி.

“இது நான்தான்! ஊர்ல எல்லாரும் சொல்றாங்க!”

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

“நாயை வெச்சுத்தான்! என் மேஜர் மேசையில உக்காந்து சாப்பிடறது உங்களுக்கு யார் சொன்னது? சமையற்காரியா?”

“யாரும் சொல்லலையே, ஐயா. நாயை நானா கற்பனை பண்ணினேன். உங்க வீட்டு நாய் மேசையில சாப்பிடுதுன்னு இப்போ நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அதற்குள் வாசலில் இன்னொரு வண்டி. இன்னொரு முதலாளி. “கோவில்ல தூங்கறது நான்தானே?” அவர் உட்காரும் முன்னே மூன்றாமவர், தலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. அந்தத் தலையில் இருப்பது பொய்முடி என்பது அதுவரை அவர் மனைவிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். நான்காமவர் எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மற்ற மூவரும் வந்ததால் தாமும் வராவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். நான்கு பேரும், அந்தக் கிரப் நான்தான், நீயில்லை நான்தான் என்று வரவேற்பறையில் சண்டை போட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

அம்மையார் டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்: “ஏன் சண்டை? கிரப் கூண்டு போட மாட்டேன்னு சொன்னவர். கூண்டு போட்டவர் கிரப்பா இருக்க முடியாது. ஊருக்கு அது தானாப் புரிஞ்சுடும்.”

அவ்வளவுதான் சொன்னார்! சட்டம் சாதிக்காததை, மனு சாதிக்காததை, எங்கள் ஊர்வலம் சாதிக்காததை அந்த ஒரு கோப்பை டீ சாதித்தது. ஆறு வாரத்தில் மூன்று ஆலைகளில் இரும்புக் கூண்டு ஏறிவிட்டது. பொய்முடிக்காரர் தம் கூண்டுக்குப் பச்சை வண்ணமும் பூசினார்.

ஆனால் கிரௌதர் ஐயா மசியவில்லை. “ஒரு கதைக்குப் பயந்து நான் இரும்பு வாங்கணுமா?” என்றார். அதனால் என்ன ஆயிற்று? கூண்டு போடாதவர் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. அவர் தெருவில் நடந்தால் எங்கிருந்தோ குரைப்புச் சத்தம் கேட்கும். அவர் மனைவி கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஐயா, இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்: சந்தை மூலையில் ஒரு முறை குரைத்தது நான்தான். சரி, இரண்டு முறை.

இது அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. என்னைத் திட்டினார். “குரைச்சு ஒருத்தரை ஊரை விட்டு வேணும்னா துரத்தலாம். கூண்டு போட வைக்க முடியாது.” ஒரு சனிக்கிழமை மதியம் ஆலிஸைக் கூட்டிக்கொண்டு கிரௌதர் வீட்டுக்கு டீ குடிக்கப் போனார். என்னையும் அழைத்தார். சமாதானப் பேச்சு என்று சொல்லிவிட்டார். அதனால் கதவைத் திறந்தார்கள். யாரும் ஆலையைப் பற்றிப் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். வார்பெக்கில் அதற்குப் பஞ்சமா? அந்த மேஜர், கிழட்டு நாய், நாற்காலியிலிருந்து இறங்கி வந்து ஆலிஸ் மடியில் தலையை வைத்தது. அவள் இஞ்சிக் கேக்கைத் தொடையில் வைத்து, இடது கையால் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். கிரௌதர் ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை என்னம்மா ஆச்சு?”

“பெல்ட் இழுத்துடுச்சு, ஐயா.”

“எந்த ஆலையில?”

ஆலிஸ் நிமிர்ந்து பார்த்தாள். “உங்க ஆலையிலதான், ஐயா.”

அவருக்குத் தெரியாது! இதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். மேஸ்திரி அவரிடம் சொன்னது, “ஒரு பொண்ணு வேலையை விட்டு நின்னுட்டா” என்பது மட்டும். கிரௌதர் ஐயா எழுந்து வெளியே போனார். அரை மணி நேரம் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், மழையில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஓடிவந்து ஆலிஸை அணைத்துக்கொண்டு அழுதார். அம்மையார் மட்டும் டீயைக் குடித்து முடித்தார். திங்கட்கிழமை தச்சர்களும் கொல்லர்களும் எங்கள் கூடத்துக்குள் வந்தார்கள்.

கடைசிக் கூண்டு ஏறியதும் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஆலிஸைப் பார்த்தேன். “எனக்கு இன்னொரு கை வேணுமேடி” என்று உதட்டால் சொன்னாள். சொல்லிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த கிரௌதர் ஐயாவின் தோளில் படார் படார் என்று தட்டினாள். முதல் அடிக்கு அவர் துள்ளினார். திரும்பிப் பார்த்தார். பிறகு தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். ஒரு முதலாளி செய்ததிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

உதட்டுப் பேச்சையும் அம்மையார் கற்றுக்கொண்டார். அது எங்களுக்கு வினையாக முடிந்தது. நகரசபையில் மேயர் சாக்கடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்போது, பெண்கள் மாடத்தைப் பார்த்து அம்மையார் சத்தமில்லாமல் ஒரு நகைச்சுவை சொன்னார். அறுபது பெண்கள் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். மேயர் தம் கால்சட்டையைக் குனிந்து சரிபார்த்தார். அந்த நகைச்சுவை என்ன என்று பாதிரியார் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாது. பெட்சி, நீயும் சொல்லாதே.

அன்பர்களே! இவ்வளவு சிரிக்க வைத்தவர் எதற்காகப் போராடிக்கொண்டே போனார் தெரியுமா? நான்கு ஆலைகளின் கார்டிங் அறைகளுக்காக. பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்த அறையில் ஐந்தடிக்கு அப்பால் நிற்பவளின் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. காற்று வந்தால் பஞ்சு பறக்கும் என்று முப்பத்தாறு ஜன்னல்களிலும் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். நூற்று நாற்பது பெண்கள் அதற்குள். முப்பது வயதில் இருமுகிறார்கள். நாற்பதில் கல்லறைக்குப் போகிறார்கள். அம்மையாரின் புதிய நாவல் அவர்களைப் பற்றியது. பாதிதான் எழுதியிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளிகள் சங்கத்தின் முன்னால் அவர் பேசுவதாக இருந்தது.

நோயில் படுத்ததும் என்னைக் கூப்பிட்டார். “கெசையா, வியாழக்கிழமை வரைக்கும் தாங்கணும்னுதான் பாக்கறேன். டாக்டர் ஞாயித்துக்கிழமைங்கறார். பிடிவாதக்காரர்.”

“அப்படிப் பேசாதீங்கம்மா.”

“நீ பேசு. அங்க போய் நீ பேசணும்.”

“என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்களே!”

“நிறுத்தட்டும். நூத்தி நாப்பது பேரோட போ. எத்தனை பேரை நிறுத்துவாங்க?”

சனிக்கிழமை வரை என்னைப் பேசப் பழக்கினார். வேகம் அதிகம் என்பார். கையை ஆட்டாதே என்பார். ஞாயிறு காலை பத்திரிகைக்காரர் வாசலில் காத்திருந்தார். மறுநாள் பத்திரிகையில் என்ன போட்டிருந்தார்கள்? அம்மையார் கண்களை உயர்த்தி, “ஒளி தெரிகிறது” என்று கூறி உயிர் நீத்தாராம்! யார் கேட்டது? அறையில் இருந்தது நானும் சமையற்கார அம்மாளும்தான். பேச அவருக்கு மூச்சு இல்லை. குரல் வரவே இல்லை. உதட்டை மட்டும் அசைத்தார். சமையற்கார அம்மாளுக்குப் புரியவில்லை. நான் படித்தேன்.

“ஜன்னலைத் திற, கெசையா.”

ஒளியும் இல்லை, தேவதூதர்களும் இல்லை. நான் போய்த் திறந்தேன். ஒரு தள்ளில் திறந்துகொண்டது. மழைக் காற்று உள்ளே வந்தது. அவர் ஒரு முறை நன்றாக இழுத்து மூச்சு விட்டார். அவ்வளவுதான்.

கார்டிங் அறைப் பெண்கள் தினமும் உதட்டால் சொல்வதும் இதையேதான். அங்கே எத்தனை தள்ளு தள்ளினாலும் திறக்காது, ஆணி அடித்திருக்கிறது.

கிரௌதர் ஐயா, வியாழக்கிழமை அந்த மேசையில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். இது இரங்கல் கூட்டம். ஆனால் என் சகோதரிகளே, உங்களைக் கேட்கிறேன்! தறிக்கூடத்தில் இருப்பவர்கள் வருவீர்களா? கார்டிங் அறையில் இருப்பவர்கள் இருமிக்கொண்டே வருவீர்களா? வாயால் சொல்ல வேண்டாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உதட்டால் சொல்லுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்.

சரி. படித்துவிட்டேன். எல்லோரும் வருகிறீர்கள்.

பெரியோர்களே! அம்மையாருக்குச் சிலை வைக்கலாம் என்று சிலர் பேசுகிறார்கள். வையுங்கள், நல்லதுதான். எங்கள் சங்கம் இந்தச் சபையில் வேறு உறுதி எடுத்துக்கொள்கிறது. அவர் கடைசியாகச் சொன்னதை நாங்கள் முடித்துவைப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டேன். வார்பெக்கில் இன்னும் முப்பத்தாறு இருக்கிறது.